காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்த பையன்

குறுக்குத்துறைப் படித்துறையில் அமாவாசைக் காலையில் நின்றால் காக்கைகளைத் தேட வேண்டியதில்லை. தாமிரபரணியில் முங்கி எழுந்தவர்கள் ஈர வேட்டியோடு இலையில் எள்ளுச்சோற்றை வைத்துவிட்டுக் கூப்பிட்டபடி காத்து நிற்பார்கள். வந்து கொத்தினால் மனம் நிறைந்துவிடும். வராவிட்டால், தாத்தாவுக்கு என்ன குறையோ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். காக்கையை நமக்கு முன்னோராகத் தெரியும், சனிபகவானின் வாகனமாகத் தெரியும், விருந்தாளி வருவதை முன்கூட்டிச் சொல்லும் பறவையாகவும் தெரியும். வெறும் காக்கையாக அதைப் பார்த்திருக்கிறோமா? கழுத்தின் சாம்பல் நிறம் எந்த இடத்தில் கறுப்போடு கலக்கிறது, சோற்றை நெருங்கும்போது ஏன் பக்கவாட்டில் தத்துகிறது, ஓட்டுக்கூரை விளிம்பில் உட்காரும்போது உடம்பின் பாரத்தை எங்கே வைத்துக்கொள்கிறது என்று கேட்டால் தினமும் அதற்குச் சோறு வைக்கிறவர்களாலும் சொல்ல முடியாது.

மைசூரில் ஒரு வீட்டுச் சன்னலருகே உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் உண்டு. ராசிபுரம் கிருஷ்ணசாமி லட்சுமண் என்பது அவன் பெயர். ஆர்.கே. லட்சுமண் என்று நாடு பிறகு அறிந்தது. அவர் எந்த ஓவியப் பள்ளியிலும் படித்ததில்லை. படிக்க விரும்பினார், பள்ளி மறுத்துவிட்டது. மறுக்கப்பட்டவர் மேதையானார் என்று இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். எனக்கு அதில் திருப்தி இல்லை. பள்ளிக்குப் போகாத ஒருவர் எதைப் படித்தார், எந்த வரிசையில் படித்தார், அவரைத் திருத்தியது யார் என்ற கேள்விகள் அப்படியே கிடக்கின்றன. தானே கற்றவர் என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது, அவருடைய ஆசிரியர்களைக் கண்டுபிடிக்கும் வேலையை நாம் தட்டிக்கழிக்கிறோம் என்றே நினைக்கிறேன்.

பெயரின் முதலெழுத்து நம் பக்கத்து ஊர். ராசிபுரம் இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. தந்தை கிருஷ்ணசாமி ஐயர் மைசூரில் தலைமையாசிரியர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், அலமாரியில் ஆங்கிலம் என்று வளர்ந்த குடும்பம். 1921 அக்டோபர் 24 அன்று பிறந்த லட்சுமண், ஆறு ஆண்மக்களில் கடைக்குட்டி. அண்ணன்களில் ஒருவர் ஆர்.கே. நாராயண்.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிவதற்கு முன்பே அந்தப் பையன் படங்களைப் படித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்த ஆங்கிலப் பத்திரிகைகள் அவனுடைய முதல் பாடநூல்கள்: ஸ்ட்ராண்ட், பஞ்ச், பைஸ்டாண்டர், வைட் வேர்ல்ட், டிட்-பிட்ஸ். இந்தப் பட்டியலைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். ஸ்ட்ராண்ட் என்பது ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் வெளியான இதழ். சிட்னி பேஜெட் வரைந்த ஹோம்ஸின் உருவம்தான் பின்னாளில் உலகம் முழுவதும் நிலைத்தது. பஞ்ச் 1841-இல் தொடங்கிய நகைச்சுவை வார இதழ். கேலிச்சித்திரத்துக்கு ‘கார்ட்டூன்’ என்ற பெயர் நிலைபெற்றதே அதனால்தான். மைசூர்ப் பையனின் தரையில் விரிந்து கிடந்தவை, அச்சுக்கென்றே கோடு போடத் தெரிந்தவர்களின் வேலைகள். மலிவான தாளில் அழியாத கோடு, சிறிதாக்கினாலும் கலங்காத முகம், ஒரே பார்வையில் பிடிபடும் சம்பவம். ஓவியப் பள்ளியில் அவன் சேர்ந்திருந்தால் இந்தப் பாடம் அங்கே கிடைத்திருக்காது.

அப்புறம் சுவர்கள், கதவுகள், தரை. எல்லாவற்றிலும் கிறுக்கினான். பள்ளியில் அரச இலை ஒன்றை வரைந்தபோது ஓர் ஆசிரியர் பாராட்டினார். தன்னை ஓவியன் என்று அவன் நினைக்கத் தொடங்கியது அன்றிலிருந்து என்று லட்சுமண் தன் சுயசரிதையில் நினைவுகூர்கிறார். ‘காலத்தின் சுரங்கப்பாதை’ என்று பொருள்படும் தலைப்பில் 1998-இல் வெளிவந்த நூல் அது. சன்னலுக்கு வெளியே தெரிந்த காய்ந்த சுள்ளிகள், இலைகள், ஓணான் போன்ற ஊர்வன, விறகு பிளக்கும் வேலைக்காரர்கள், எதிர்வீட்டுக் கூரையில் விதவிதமாக உட்கார்ந்திருக்கும் காக்கைகள் என்று அவர் வரைந்து தள்ளியவற்றை அதில் சொல்கிறார். சாமி படமோ, அரண்மனையோ, மலைக்காட்சியோ அந்த வரிசையில் வரவில்லை. தசராவுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு ஒரு பையன் விறகு பிளக்கிறவனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோடரி உயரும்போது முதுகுத்தண்டு வளைவதும் இறங்கும்போது கால்கள் ஊன்றுவதும்தான் அவனுக்குக் கிடைத்த உடற்கூற்றுப் பாடம்.

பள்ளிப் பருவத்திலேயே தந்தை பக்கவாதத்தில் விழுந்து, ஓராண்டில் மறைந்தார். குடும்பப் பாரத்தை அண்ணன்கள் சுமந்தார்கள். தம்பியின் படிப்பும் படமும் தடைபடவில்லை. தெருப் பையன்களைச் சேர்த்துக் கிரிக்கெட் அணி ஒன்றை லட்சுமண் நடத்தியதும், அந்தக் கூத்துகள் அண்ணன் நாராயணின் கதைகளுக்குள் புகுந்ததும் இந்தக் காலத்தில்தான். நாராயணின் கதைகள் ‘தி இந்து’வில் வந்தபோது தம்பி அவற்றுக்குப் படம் போட்டார். ஒரே வீட்டில் ஒருவர் தெருவைச் சொல்லால் எழுத, இன்னொருவர் அதையே கோட்டால் எழுதினார். நாராயணின் நடையில் இருக்கும் அடக்கம், யாரையும் கடிந்துகொள்ளாத கவனிப்பு, சிறிய மனிதர்களின் சிறிய தந்திரங்கள் மேல் இருக்கும் பரிவு எல்லாம் தம்பியின் கோட்டிலும் இருப்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. லட்சுமணின் முதல் ஆசிரியர் அண்ணன்தான். ஒரு கோடு கூட வரையத் தெரியாத ஓவிய ஆசிரியர்.

இரண்டாமவர் கடல் கடந்தவர். ‘தி இந்து’வில் அவ்வப்போது மறுபிரசுரமான டேவிட் லோவின் கேலிச்சித்திரங்களில் லட்சுமண் மயங்கிக் கிடந்தார். கையெழுத்தை ‘லோ’ என்று படிக்கத் தெரியாமல், ‘கௌ’, அதாவது பசு, என்றே வெகுநாள் நினைத்திருந்தாராம். நியூசிலாந்தில் 1891-இல் பிறந்து, பெரும்பாலும் தானாகவே கற்று, சிட்னி வழியாக லண்டன் போய்ச் சேர்ந்தவர் லோ. ஹிட்லரையும் ஸ்டாலினையும் அவர் வரைந்த விதத்தை ஐரோப்பா மறக்கவில்லை. தூரிகையில் மை தோய்த்து, தயங்காமல் இழுக்கும் தடித்த கறுப்புக் கோடு அவருடைய அடையாளம். லட்சுமணின் கோட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடைகளின் மடிப்பு, நிழலுக்காக நிரப்பும் கறுப்பு, கோட்டின் தடிமன் ஓடிக்கொண்டே மெலியும் போக்கு எல்லாவற்றிலும் லோ தெரிகிறார். முகங்கள் மட்டும் நம்முடையவை.

பள்ளி முடித்த லட்சுமண் பம்பாயின் ஜே.ஜே. ஓவியப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். 1857-இல் தொடங்கிய, நாட்டின் மதிப்புமிக்க கலைக்கூடங்களில் ஒன்று. அனுப்பிய படங்களைப் பார்த்த தலைவர், எங்கள் பள்ளியில் சேர்வதற்கான திறமை இவற்றில் இல்லை என்று பதில் எழுதினார்.

அந்தப் பதிலைப் பலர் ஏளனமாகவே மேற்கோள் காட்டுகிறார்கள். நான் அதை நேர்மையான பதிலாகவே எடுத்துக்கொள்கிறேன். காலனியக் காலத்துக் கலைப் பள்ளிகள் பிளாஸ்டர் சிலைகளை வைத்து ஒளிநிழல் பழக்கின. அசையாத உடலை மணிக்கணக்கில் தீட்டச் சொன்னன. எண்ணெய் வண்ண உருவப்படம் அங்கே உச்சம். மைசூரிலிருந்து வந்த தாள்களில் இருந்ததோ ஒரு நொடியில் எழுந்து பறந்துவிடும் காக்கை. அந்தப் பள்ளி தேடிய திறமை அவரிடம் இல்லை என்பது உண்மைதான். அவரிடம் இருந்த திறமைக்கு அன்றைக்கு நாட்டில் பள்ளியே இல்லை என்பதும் உண்மை.

இதை லட்சுமண் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததாகப் பார்க்கக் கூடாது. இந்தியக் கேலிச்சித்திரத்தின் பெரிய பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஓ.வி. விஜயன் ஆங்கில விரிவுரையாளராக இருந்தவர். கோவாவின் மரியோ மிராண்டா வரலாறு படித்தவர். இவர்கள் இருவரும் வாசலுக்கு வெளியேதான் கோடு போடக் கற்றார்கள். கலைப் பள்ளியில் முறையாகப் படித்த நம் கோபுலுவைக்கூடக் கோபுலுவாக்கியது அந்தப் பயிற்சி மட்டும்தானா? வசனமே இல்லாத அவருடைய சிரிப்புப் படங்களில் நடமாடும் மாமாக்களும் மாமிகளும் தஞ்சாவூர்த் தெருக்களிலிருந்து வந்தவர்கள்.

ஏகலைவன் கதையை இங்கே கொண்டுவருவார்கள். மறுத்த குருவின் மண்ணுருவை வைத்துக்கொண்டு தானே பழகியவன் என்று. ஒப்புமை அழகாக இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை. அர்ச்சுனனுக்குத் தெரிந்த அதே வில்வித்தையைத்தான் ஏகலைவனும் விரும்பினான். லட்சுமணோ பள்ளி சொல்லிக்கொடுத்த வித்தையை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போனார். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் அவர் எடுத்த பட்டம் அரசியல், பொருளாதாரம், தத்துவம் சார்ந்தது. பட்ஜெட்டையும் கட்சி மாறலையும் ஐந்தாண்டுத் திட்டத்தையும் ஐம்பது வருடம் வரைய வேண்டியிருந்தவருக்குப் பிளாஸ்டர் சிலையைவிட அந்தப் பட்டம்தான் பயன்பட்டது.

இந்த இடத்தில் நான் நிற்கும் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொதிகையிலிருந்து இறங்கும் தண்ணீர் போகும் வழியெங்கும் படத்தால் கதை சொன்னவர்களின் சுவடு இருக்கிறது. குற்றாலத்துச் சித்திரசபையில் கூத்தன் சிலையாக நிற்கவில்லை. சுவரில் சித்திரமாக ஆடுகிறான். படத்தையே மூலவராகக் கொண்டாடும் சபை அது. கடனாநதி தாமிரபரணியோடு கலக்கும் திருப்புடைமருதூரில் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் படியேறிப் போனால் நிலைக்கு நிலை சுவரோவியம்: புராணக் கதைகள், யானைப் படையும் குதிரைப் படையும் மோதும் போர், கப்பலில் வந்திறங்கும் குதிரைகள். பட்டை பட்டையாகப் பிரித்து, ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்குக் கண்ணை நகர்த்தும் முறை. சித்திரக்கதை என்று இன்றைக்கு நாம் சொல்வதன் இலக்கணம் முழுக்க அங்கே இருக்கிறது. வரைந்தவர்களின் பெயர் இல்லை. அவர்கள் அப்பனிடமும் மாமனிடமும் கற்றிருப்பார்கள்; சாரத்தில் ஏறிநின்று கற்றிருப்பார்கள்.

அச்சு யுகத்துக்கு வந்தால் எட்டயபுரத்துக்காரர் ஒருவர் முன்னால் நிற்கிறார். 1906-இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் பாரதி கருத்துப்படங்களை வெளியிட்டார். தமிழ் இதழியலில் அது முதல் முயற்சி. கர்சன், மிண்டோ, மிதவாதிகள், பஞ்சத்தில் வாடும் மக்கள் என்று அன்றைய அரசியல் முழுவதும் அந்தப் படங்களில் இருந்தது. 1908-இல் இதழ் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்த பிறகும் படங்கள் தொடர்ந்தன. பாரதி தூரிகை எடுத்து வரையவில்லை. எண்ணம் அவருடையது, கை வேறொருவருடையது, படத்துக்கு அடியில் நீண்ட விளக்கம். படத்தைப் படிக்க வாசகருக்கு இன்னும் பழகவில்லை என்பதால் விளக்கம் தேவைப்பட்டிருக்கலாம். அங்கிருந்து லட்சுமணின் ஒற்றைவரி வசனத்துக்கு வந்து சேர்வதற்குள் நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் இந்திய வாசகரின் கண் எவ்வளவு தூரம் பயணப்பட்டிருக்கிறது!

லட்சுமணின் தொழில் சின்னச் சின்ன வேலைகளில் தொடங்கியது. கல்லூரி நாட்களிலேயே ‘சுவராஜ்யா’வுக்கு வரைந்தார். டாக்டர் சிவராம் நடத்திய ‘கொரவஞ்சி’ என்ற கன்னட நகைச்சுவை இதழுக்கு வரைந்தார். ஒரு கோடைக்காலம் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். நாரதரை வைத்த அனிமேஷன் படம் ஒன்றுக்கும் கை கொடுத்தார். பிறகு பம்பாய், ‘ஃப்ரீ பிரஸ் ஜர்னல்’. அங்கே அவரோடு வேலை பார்த்த இன்னொரு கேலிச்சித்திரக்காரர் பால் தாக்கரே. அதன்பின் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’. அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே.

1951-இல் முதல் பக்கத்தில் ஒற்றைப் பத்தி அகலத்தில் ‘யூ செட் இட்’ தொடங்கியது. தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்ததுபோல் ஒரு சிறு கட்டம், கீழே ஒரு வாக்கியம். தினமும்.

தினமும் என்ற சொல்லில்தான் லட்சுமண் கற்ற மூன்றாவது பள்ளி இருக்கிறது. பாமரன் என்றும் சாமானியன் என்றும் நாம் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற உருவம் ஒருநாள் காலையில் முழுதாக உதித்து வந்ததில்லை. தொடக்கத்தில் கட்டத்துக்குள் இந்தியா முழுவதையும் நிறுத்தப் பார்த்தார். வங்காளி ஒருவர், தமிழர் ஒருவர், பஞ்சாபி, குஜராத்தி என்று ஒவ்வொருவரும் அவரவர் தலைப்பாகை, தாடி, வேட்டிக் கட்டோடு பின்னணியில் நின்றார்கள். அச்சுக்குப் போகும் நேரமோ காத்திருக்காது. இன்றைக்கு ஒருவரைக் குறைத்தார், நாளைக்கு இன்னொருவரை. கடைசியில் ஒருவர் மட்டும் மிஞ்சினார்: வழுக்கைத் தலையின் ஓரங்களில் பஞ்சுபோல் நரைமயிர், குமிழ் மூக்கில் கண்ணாடி, சிறு மீசை, கட்டம் போட்ட கோட்டு, வேட்டி. லட்சுமண் இதைத் தானே சொல்லியிருக்கிறார். நாட்டின் அடையாளமாகிவிட்ட ஓர் உருவம் நேரப் பற்றாக்குறையில் பிறந்தது!

எனக்கு இது வேடிக்கையான துணுக்காகத் தோன்றவில்லை. தானே கற்றவரைத் திருத்தியது யார் என்று கேட்டேனே, பதில் இங்கே கிடைக்கிறது. கெடு நேரம் திருத்தியது. எது இல்லாமல் படம் நிற்கும் என்று அது நாள்தோறும் கேட்டது. கலைப் பள்ளி மாணவருக்கு மூன்றாண்டோ ஐந்தாண்டோ கிடைக்கும் விமர்சனம் இவருக்கு ஐம்பதாண்டு, தினமும் மாலைக்குள் கிடைத்தது. வாசகர் காலையில் காப்பியோடு உட்கார்ந்து மூன்று நொடியில் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் அன்றைய தேர்வில் தோல்வி.

கைக்கருவிகள் எளிமையானவை. இந்தியன் இங்க், தூரிகை, தாள். பேனாவின் கம்பிக்கோட்டைவிடத் தூரிகைக் கோடு ஆபத்தானது. அழுத்தம் ஒரு மயிரிழை கூடினாலும் கோடு பருத்துவிடும், திரும்பப் பெற முடியாது. அமைச்சரின் தொந்தியையும் அரசு அலுவலகத்தின் உடைந்த நாற்காலியையும் ஒரே இழுப்பில் போடுகிற அந்தத் துணிச்சல், லட்சக்கணக்கான இழுப்புகளுக்குப் பிறகு வருவது. பின்னணியைக் கவனித்துப் பாருங்கள். ஒட்டுப்போட்ட சாலை, கோப்புகளின் மலை, ஒழுகும் குழாய், தலைவர் வரவேற்புக்கு நட்ட வளைவின் சாய்ந்த மூங்கில் எல்லாம் அவருடைய படங்களில் பெயரில்லாத பாத்திரங்கள். ஒரு காலத்து நகர்ப்புற இந்தியாவின் பொருள்களைப் பற்றி ஆராய்கிறவருக்கு அந்தக் கட்டங்கள் நம்பகமான ஆவணம்.

அரசியல் படங்கள் தனியே பெரிதாக வந்தன. நேருவின் வழுக்கையும் இந்திராவின் மூக்கும் தலைமுறை தலைமுறையாக மாறாத இலக்கணம் பெற்றது அவர் கையில். 1954-இல் ஏஷியன் பெயிண்ட்ஸ் நிறுவனத்துக்காக அவர் வரைந்த ‘கட்டு’ என்ற குறும்புப் பையன், கையில் வண்ண வாளியோடு நம் ஊர்ப் பெயிண்ட் கடைத் தகரங்களிலும் நெடுங்காலம் நின்றான். அவனை வரைந்தவர் யாரென்று தெரியாமலேயே நாம் அவனோடு வளர்ந்தோம். 1986-இல் சங்கர் நாக் இயக்கிய ‘மால்குடி டேஸ்’ தொலைக்காட்சித் தொடரின் தொடக்கத்தில் வந்த கோட்டுச் சித்திரங்களும் தம்பியுடையவைதான்.

பத்திரிகைக் கட்டம் அவரை எவ்வளவு வளர்த்ததோ அவ்வளவு குறுக்கவும் செய்தது என்பது என் எண்ணம். இதைப் புரிந்துகொள்ள ஜப்பானைப் பார்க்க வேண்டும். லட்சுமணுக்கு ஏழு வயது இளையவர் ஒசாமு தெசுகா. 1928-இல் பிறந்தவர். அவரும் ஓவியப் பள்ளிக்குப் போகவில்லை. ஒசாகாவில் மருத்துவம் படித்தார். சிறுவயதில் வீட்டிலேயே ஓடிய திரைப்படக் கருவி, டிஸ்னி படங்கள், பூச்சிகளைப் பிடித்து அவற்றின் காலையும் இறகையும் துல்லியமாக வரைந்த பழக்கம் ஆகியவைதான் அவருடைய பள்ளி. லட்சுமணுக்குக் காக்கை என்றால் தெசுகாவுக்கு வண்டு. போருக்குப் பிந்திய ஒசாகாவில் மலிவு அட்டையோடு சிறுவர் சித்திரக்கதைப் புத்தகங்கள் குவிந்தன. 1947-இல் ‘புதிய புதையல் தீவு’ அப்படித்தான் வந்தது. அடுத்து மாத இதழ்கள் நூற்றுக்கணக்கான பக்கங்களைத் திறந்துவிட்டன. 1952-இல் அணுச் சிறுவன் ‘ஆட்டம்’ வந்தான். 1972 முதல் 1983 வரை புத்தரின் வாழ்க்கையையே பல ஆயிரம் பக்கச் சித்திரக்கதையாக வரைந்தார். 1989-இல் அவர் இறந்தபோது வரைந்து குவித்திருந்த பக்கங்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் என்கிறார்கள்.

இருவரும் தானே கற்றவர்கள், இருவரும் அசுர உழைப்பாளிகள். ஒருவருக்குக் காவியம் எழுதும் இடம் கிடைத்தது, மற்றவருக்கு ஒற்றைப் பத்தி அகலம். லட்சுமணிடம் கதை இல்லாமல் இல்லை. பின்னாளில் நாவல்களும் எழுதினார். ஆனால் தொடர்ந்து நகரும் படக்கதையை அவரிடம் கேட்டு வாங்கி அச்சிடும் பத்திரிகை இந்தியாவில் எழவில்லை. தமிழிலும் அதே நிலைதான். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தபோது திருநெல்வேலிச் சந்திப்பின் புத்தகக் கடைகளில் நாங்கள் தேடியது இரும்புக்கை மாயாவியை. அது பிரிட்டனின் ‘வேலியண்ட்’ இதழுக்காக ஜெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர் வரைந்தது. அந்தப் புத்தகங்களுக்கு நான் பட்ட கடன் தீராது. ஆனாலும் அதே சந்திப்பில் ஏணியில் நின்று சினிமா பேனர் தீட்டிக்கொண்டிருந்த, கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்த கைகளுக்கு நூறு பக்கம் கொடுத்து ஒரு கதை கேட்கும் பதிப்பாளர் இருந்திருந்தால் என்ற ஏக்கம் எனக்கு உண்டு. டிஜிட்டல் பேனர் வந்தபிறகு அந்தக் கைகளும் கலைந்துபோயின.

சாமானியனைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், மரியாதையோடுதான். அவர் பேசுவதே இல்லை. எல்லா இடத்திலும் இருக்கிறார்: அமைச்சரவைக் கூட்டத்தின் மூலையில், வெள்ளத்தில், விமான நிலையத்தில். பார்க்கிறார், புருவத்தை உயர்த்துகிறார். பேசுகிறவர் அவர் மனைவி. விலைவாசியைத் திட்டுவதும் அரசியல்வாதியை நாறடிப்பதும் அந்த அம்மாதான். மௌனத்தை விமர்சனமாக்கியது பெரிய கலை. ஆனால் கோட்டும் வேட்டியும் அணிந்த அந்த மனிதர், குமாஸ்தா வேலையோ ஆசிரியர் வேலையோ பார்த்து ஓய்வு பெற்ற, செய்தித்தாள் வாங்கிப் படிக்கிற ஒரு வகுப்பின் சாமானியர். முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் அவருக்குள் இல்லை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தின் மேல் போலீஸ் தடியடி விழுந்தபோது, இதே தாமிரபரணிக்குள் 17 பேர் மாண்டார்கள். அந்தச் சாமானியர்களுக்கு ஓரத்தில் நின்று பார்க்கும் வசதி இருந்ததில்லை. ஒரு கலைஞர் தன் சன்னலிலிருந்து தெரிந்ததைத்தான் வரைய முடியும். லட்சுமணின் சன்னல் அகலமானது. ஆனாலும் அதற்கும் ஒரு சட்டம் இருந்தது. இதைச் சொல்வதால் அவர்மேல் நான் கொண்ட அன்பு ஒரு துளியும் குறையவில்லை.

விருதுகள் வரிசையாக வந்தன: 1973-இல் பத்மபூஷண், 1984-இல் மகசேசே, 2005-இல் பத்மவிபூஷண். 1988-இல் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வின் 150-ஆம் ஆண்டு அஞ்சல்தலையில் சாமானியர் ஏறினார். 2001-இல் புனேயின் சிம்பயாசிஸ் வளாகத்தில் வெண்கலச் சிலையாக நின்றார். பேசாத ஒரு கற்பனை மனிதருக்கு, பெரிய தலைவர்களுக்கு வைப்பதுபோல் சிலை.

2003-இல் பக்கவாதம் வந்து லட்சுமணின் இடப்பக்கம் செயலிழந்தது. தந்தையை வீழ்த்திய அதே நோய். வலக்கை தப்பியது. அவர் வரைவதை நிறுத்தவில்லை. 2015 ஜனவரி 26, குடியரசு நாளில் புனேயில் 93 வயதில் காலமானார்.

வாழ்நாள் முழுக்க அவர் விடாமல் வரைந்த காக்கைகளை யாரும் கேட்டு வாங்கவில்லை. பத்திரிகைக்கு அவை தேவையில்லை; கெடு நேரமும் இல்லை. அரசியல்வாதிகளை வரைந்தது வேலை, காக்கையை வரைந்தது தனக்காக. அந்தப் படங்களில் சிலவற்றை அச்சில் பார்த்திருக்கிறேன். ஒற்றைக் காக்கை, கூட்டக் காக்கை, ஈரத்தில் சிலிர்த்த காக்கை. காக்கையை வரைவது எவ்வளவு கடினம் என்று முயன்றவர்களுக்குத் தெரியும். மயிலுக்குத் தோகை உண்டு, கிளிக்கு நிறம் உண்டு. இதற்கோ கறுப்பு மட்டும்தான். உள்ளே கோடு போட இடமில்லை. வெளிக்கோடும் நிற்கும் தோரணையும் சரியாக அமையாவிட்டால் தாளில் மிஞ்சுவது மைக்கறை.

போன அமாவாசைக்குக் குறுக்குத்துறையில் ஒரு நோட்டோடு உட்கார்ந்தேன். முருகன் கோயில் பாறைமேல் ஒரு காக்கை வந்து அமர்ந்தது. கீழே இலையில் சோறு இருந்தும் இறங்கவில்லை. அலகைப் பாறையில் இருபுறமும் தீட்டியது, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் தண்ணீரைப் பார்த்தது, முதுகு இறகைக் கோதத் திரும்பியது. நான் கழுத்துவரை வந்திருந்தபோது பறந்துவிட்டது. பக்கத்தில் ஈரத் துண்டோடு நின்றிருந்த பையன் என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "வால் இன்னும் நீளம்லா இருந்துச்சு" என்றான்.